நீர்நாயோடு ஒரு சண்டை

என் மனைவி பிரேமா வாயை மூடி நான் பார்த்ததில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவள் புதுக்குப்பத்துக் கடற்கரையில் பிறந்தவள்; அலைச்சத்தத்தைத் தாண்டிப் பேசிப் பழகிய குடும்பம். அவளுடைய அம்மா பவுனம்மாள் மீன்கூடையை இறக்கிவைத்து "நல்லா இருக்கியா மருமவனே?" என்று அன்பாகக் கேட்டாலே எதிர்வீட்டு நாய் எழுந்து வேறு தெருவுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும். நானோ திருபுவனையில் பிளாஸ்டிக் வாளி செய்யும் கம்பெனியில் மிஷின் ஓட்டுகிறவன். பகலெல்லாம் மிஷின் பேசும். வீட்டுக்கு வந்தால் பிரேமா பேசுவாள். சிலம்பரசன் என்று எனக்கு ஒரு பெயர் இருப்பது ஆதார் அட்டைக்குத் தெரியும். குரல் இருப்பது யாருக்கும் தெரியாது.

அப்படிப்பட்ட பிரேமா, ஒரு நீர்நாய்க்காகத் தினமும் அரைப்பகல் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

பாகூர்ப் பக்கம் ஏரியை ஒட்டி ஒரு விலங்குக் காப்பகம் வந்திருந்தது. சிங்கம், ஒட்டகச்சிவிங்கி என்று வெளியூர்ச் சரக்கு எதுவும் அங்கே கிடையாது. நம் மண்ணில் இருந்து குறைந்துகொண்டே போகிற உயிர்கள் மட்டும்தான்: தேவாங்கு, அழுங்கு, நட்சத்திர ஆமை, மரநாய், நரி. அடிபட்டது, அநாதையானது எது வந்தாலும் வைத்தியம் பார்த்து, முடிந்தால் மறுபடி காட்டிலோ ஆற்றிலோ விட்டுவிடுவார்கள். மீனை முள் பார்த்து நறுக்கத் தெரிந்த பெண் வேண்டும் என்று கேட்டார்கள். பிரேமா போனாள். போன பெருமழையில் தென்பெண்ணை கரை மீறியபோது, ஒரு நீர்நாய்க் குட்டி கண் திறந்தும் திறக்காமலும் சேற்றோடு ஒதுங்கியிருந்தது. அதை அவள் கையில் கொடுத்தார்கள்.

"வலய கிழிக்கிற சனியனுக்குப் பால் குடுக்கறியாடி?" என்று பவுனம்மாள் ஊரே கேட்கக் கேட்டாள். கடல்காரக் குடும்பத்துக்கு நீர்நாய் என்றால் கழிமுகத்தில் வலைக்குள் புகுந்து மீனைத் தின்றுவிட்டு வலைக்கும் ஓட்டை போட்டுவிட்டுப் போகிற திருடன். பிரேமா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த வேலைக்கென்று சில சட்டங்கள் இருந்தன. குட்டி மனிதரோடு ஒட்டிக்கொள்ளக் கூடாது. ஒட்டிக்கொண்டால் நாளைக்கு ஆற்றில் விட்டதும் மனிதனைத் தேடிப் போகும். போனால் அடித்துக் கொன்றுவிடுவார்கள். அதனால் அதற்குப் பெயர் வைக்கக் கூடாது. அதன் எதிரில் பேசக் கூடாது. தலைமுதல் கால்வரை சாம்பல் நிற அங்கி போட்டு முகத்தை மூடிக்கொள்ள வேண்டும். பவுடர், வாசனை சோப்பு, பூ எதுவும் கூடாது.

பூவும் கூடாது! மற்றப் பெண்கள் புருஷனுக்காகப் பூ வைத்துக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என் மனைவி ஒரு நீர்நாய்க்காகப் பூவை விட்டாள்.

பெயர் வைக்கக் கூடாதென்பதால் வீட்டில் அதை "அவன்" என்றுதான் சொல்வாள். காப்பகத்தில் அடக்கிவைத்த பேச்சை எல்லாம் செலியமேட்டில் எங்கள் வாடகை வீட்டில் வந்து கொட்டுவாள்.

"அவன் இன்னிக்கு ஒரு கெளுத்திய தானே புடிச்சான் மாமா. முள்ள ஒதுக்கத் தெரியுது அவனுக்கு. நீ இன்னும் முள்ளு முழுங்கிட்டு சோத்து உருண்ட கேக்கற."

இப்படி ஒரு வருஷம். தட்டில் எனக்குச் சங்கரா மீனின் வால்பகுதி வரும்; கூடவே அவனுடைய வீரதீரங்கள் வரும். கம்பெனியில் பக்கத்து மிஷின்காரன் இன்னாசி, வில்லியனூர் மாதா கோயில் பக்கத்து ஊர்க்காரன். அவனிடம் ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"இன்னா மச்சான், உன் பொண்டாட்டி வாயத் தொறந்தா அவன் அவன்றான்னு சொல்ற. ஆளு எப்டி? மீச வச்சிருக்கானா?"

"நீர்நாய்டா. அதுக்கு மீச இருக்கும்."

"அப்ப உனக்குத்தான் இல்ல" என்று சொல்லி அன்று முழுக்கச் சிரித்தான். மிஷின் சத்தத்தில் அவன் சிரிப்பு எனக்குக் கேட்கவில்லை. தோள் குலுங்கியதைப் பார்த்தேன். அது இன்னும் மோசம்.

பிறகு ஒருநாள் பிரேமா சோற்றைப் பிசைந்துகொண்டே சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அடுத்த வாரம் அவனுக்கு டெஸ்ட்டு மாமா. ஒரு ஆளு மீனோட உள்ள போயி பேச்சு குடுப்பாரு. அவன் கிட்ட வராம ஓடிட்டான்னா பாஸு. ஆத்துல வுட்டுருவாங்க."

"வந்துட்டான்னா?"

"சாவற வரிக்கும் கூண்டுதான்." சட்டென்று நிமிர்ந்தாள். "வர மாட்டான். மனுச கொரலே கேட்டதில்ல அவன்."

எனக்கு உள்ளுக்குள் மேளம் கொட்டியது. எதிரி ஊரைவிட்டுப் போகிறான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு வருஷமாக என் வீட்டில் எனக்கு மேலே உட்கார்ந்திருந்தவனை ஒரு தடவையாவது நேரில் பார்க்க வேண்டாமா? பிரேமாவிடம் சொல்லாமல் லீவு போட்டேன்.

யாரையும் பார்க்க வெறுங்கையோடு போவது எங்கள் வழக்கம் இல்லை, பகையாளியாகவே இருந்தாலும். பாகூர்க் கடையில் உயிரோடு ஒரு விரால் மீன் வாங்கி, பாலிதீன் பையில் தண்ணீர் ஊற்றிக் கட்டி, லஞ்ச் பையில் வைத்துக்கொண்டேன்.

டிக்கெட் வாங்கி உள்ளே போனேன். ஒரு குடும்பம் நரிக் கூண்டின் முன் நின்றிருந்தது. "இத்த பாக்கவா இம்மாந்தூரம் இட்டாந்த? நம்ம கரும்புத் தோட்டத்துல ஓசில பாக்கலாமே" என்று மனைவி கேட்க, "தோட்டத்துல பாத்து எத்தினி வருசம் ஆச்சு, சொல்லு" என்று கணவன் திருப்பிக் கேட்டார். அந்த அம்மா நரியைக் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்த்தாள்.

நீர்நாயின் இடம் பின்பக்கம் இருந்தது. பச்சை வலை கட்டி, 'பார்வையாளர் அனுமதி இல்லை' என்று எழுதிய ஒரு கேட். கேட்டில் காவலுக்கு இருந்தவர் அரிகிருஷ்ணன். எங்கள் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதியவர்.

"வாப்பா சிலம்பு! நம்ம பிரேமா வூட்டுக்காரருக்கு இன்னா அனுமதி? போ, போ. சத்தம் மட்டும் போடாத. பிரேமா உள்ளதான் இருக்குது."

உறவு என்றால் எந்தப் பூட்டும் திறக்கும். நம்ம ஊரில் இது ஒரு வசதி. அன்றைக்கு அதுவே வினை.

வலையின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். உள்ளே ஒரு குளம், சம்புக்கோரைப் புதர், சேற்றுக்கரை. மூலையில் ஓலை மறைப்புக்குள் சாம்பல் அங்கி போட்ட உருவம் ஒன்று அசையாமல் உட்கார்ந்திருந்தது. கால் மாற்றி உட்காரும்போது இடது முட்டியைப் பிடித்துக்கொண்டதால்தான் அது பிரேமா என்று தெரிந்தது. தண்ணீரில் ஒரு தலை போனது, முங்கியது, எழுந்தது. அவள் முகம் மூடியிருந்தாலும் தலை மட்டும் அந்தத் தலை போகிற பக்கமெல்லாம் திரும்பியது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஒரு வார்த்தை இல்லை, ஒரு இருமல் இல்லை. அவள் என்னை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. பெண் பார்க்கப் போன அன்றுகூட என்னைப் பார்க்காமல் என் செருப்பைப் பார்த்துத்தான் சிரித்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்து பின்வாசல் வழியாகச் சாப்பிடப் போனாள். நான் வலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

"டேய்" என்றேன். "இங்க வா. உங்கிட்ட பேசணும்."

தலை எழுந்தது. கறுத்த மூக்கு, தட்டை முகம், ஈர மீசை. இன்னாசி சொன்னது உண்மை, மீசை என்னைவிட அவனுக்கு நன்றாகத்தான் இருந்தது. கரையேறி, பின்னங்காலில் நின்று, முன்னங்கைகளைத் தொப்பையில் வைத்துக்கொண்டு தலையைச் சாய்த்தான். பஞ்சாயத்தில் வாதி சொல்வதைக் கேட்கும் நாட்டாமை மாதிரி.

"உனக்கு வெக்கமா இல்ல? இன்னொருத்தன் பொண்டாட்டி உன்னயே பாத்துகினு உக்காந்திருக்கா, நீ பாட்டுக்கு நீச்சல் அடிச்சிகினு இருக்க? இன்னா சொக்குப்பொடிடா போட்ட?"

அவன் தலையை மறுபக்கம் சாய்த்தான்.

என் வாழ்க்கையில் நான் பேசியதை நடுவில் வெட்டாமல் கேட்ட முதல் ஆள் அவன்தான். அது எனக்குத் தலைக்கேறிவிட்டது. பூ விஷயத்தைச் சொன்னேன். வால்துண்டு விஷயத்தைச் சொன்னேன். எங்களுக்குக் குழந்தை தங்காமல் போனதையும், அதற்குப் பிறகு அவள் இன்னும் சத்தமாகப் பேசத் தொடங்கியதையும், ராத்திரியில் பேச்சு நின்றால் அழுதுவிடுவாள் என்று பயந்து நான் "உம்" கொட்டிக்கொண்டே இருந்ததையும் சொன்னேன். இன்னாசியிடம்கூடச் சொன்னதில்லை. "அவ உங்கிட்ட வந்தப்புறம்தாண்டா நல்லா தூங்கறா. அதான் எனக்கு எரியுது. நான் இருக்கச்சே அது ஏன் நடக்கல?"

விராலை எடுத்து நீட்டினேன். அவன் நாலடி முன்னால் வந்து, என் கையிலிருந்தே வாங்கி, என் செருப்பின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு கறுக்முறுக்கென்று தின்றான். ஈரமான சின்ன உள்ளங்கை. எனக்கு இருந்த கோபம் எந்தப் பக்கம் போனதென்று தெரியவில்லை.

பின்வாசல் திறந்தது. காப்பகத்து டாக்டர் அருள்மொழி அம்மா நின்றிருந்தார். வெளியே வா என்று கையால் மட்டும் காட்டினார்.

ஆபீஸ் அறையில் ஒரு பெரிய திரை இருந்தது. அதில் குளம் தெரிந்தது. நான் நின்ற இடம் தெரிந்தது. மீன் முள்கூடத் தெரிந்தது. கேமரா வைத்திருந்தார்கள், ஒலியும் உண்டாம். நீர்நாய் என்ன குரல் கொடுக்கிறது என்று கேட்பதற்காக. சாப்பிட வந்த ஊழியர்கள் எல்லோரும் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்தபடியே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு வந்தவர்கள் சிரிக்க முடியாமல், அழுகை வந்தவர்கள் அழ முடியாமல். நடுவில் பிரேமா, முகத்திரையைத் தூக்கிவிட்டு நின்றிருந்தாள்.

"எதுலேர்ந்து கேட்ட?" என்றேன்.

"'டேய், இங்க வா'லேர்ந்து" என்றாள்.

டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவன் வாழ்க்கையில கேட்ட முதல் மனுசக் குரல் உங்களோடது. அந்தக் குரல் மீன் குடுத்துச்சு. இனிமே வலையோட ஒருத்தன் 'டேய்'னு கூப்ட்டா நேரா போய் நிப்பான். எப்படிங்க நான் ஆத்துல விடறது?"

என் பொறாமையின் லட்சணத்தைப் பாருங்கள். எவனை ஊரைவிட்டு அனுப்ப ஆசைப்பட்டேனோ அவனை ஆயுளுக்கும் என் மனைவியின் பக்கத்திலேயே பூட்டிவைக்க ஏற்பாடு செய்துவிட்டு வந்திருக்கிறேன்.

பைக்கில் வீடு வரும்வரை பிரேமா பேசவில்லை. இறங்கியதும் கேட்டாள்: "பொறாம படறதுக்கு உனக்கு ஒரு மனுசன் கெடைக்கலயாயா?" பிறகு வாசல்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். "அவன் ஆத்த பாக்காமயே சாவப் போறான்."

மறுநாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஒரே ஒரு வழி இருந்தது. டெஸ்ட்டைத் தள்ளிவைக்க வேண்டும். எந்தக் குரல் இனித்ததோ அதே குரல் அவனைப் பயமுறுத்த வேண்டும். நான் தினமும் வந்து, கத்தி, தகரம் தட்டி, ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்து, மனிதன் என்றால் ஆபத்து என்று அவனுக்குப் புரியவைக்க வேண்டும். வேறு ஆள் செய்தால் அந்த ஆளுக்கு மட்டும் பயப்படுவான், என்னிடம் வருவான்.

நைட் ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டேன். முதல் நாள் உள்ளே போய்க் கண்ணை உருட்டி "டேய்ய்!" என்றேன். அவன் சந்தோஷமாகக் கீச்சிட்டுக்கொண்டு ஓடிவந்து, பின்னங்காலில் நின்று, தொப்பையில் கை வைத்துக்கொண்டான். 'சொல்லு, அப்புறம் இன்னா ஆச்சு?' என்பது போல. வெளியே வந்ததும் டாக்டர் சொன்னார்: "நீங்க கத்தல சிலம்பரசன். கொஞ்சறீங்க."

இரண்டாம் நாள் அவன் பாதி தின்ற கெண்டை ஒன்றைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டான். நான் விரால் கொண்டுபோனேன் இல்லையா, பதில் மரியாதை. எனக்குத் தகரத்தைத் தூக்கக் கை வரவில்லை.

அன்று சாயங்காலம் பிரேமா அடுக்களையிலிருந்து அலுமினியத் தாம்பாளத்தையும் கரண்டியையும் எடுத்து வந்தாள்.

"உனக்குக் கத்த வரல. எங்க ஊர்ல கழிமுகத்துல நீர்நாய் வலைகிட்ட வந்தா எப்டி வெரட்டுவாங்க தெரியுமா? துடுப்பால படகு பலகைய அடிச்சிகினே அடிவயித்துலேர்ந்து ஒரு சத்தம் குடுப்பாங்க. தலமொற தலமொறயா அதுங்களுக்கு அந்தச் சத்தம்னா ஈரக்கொல நடுங்கும்."

"நீயே போய் கத்தேன்."

"நான் கத்தக் கூடாது. என் வாசன அவனுக்கு அம்மா வாசன." சொல்லிவிட்டுத் தாம்பாளத்தை ஓங்கி அடித்து "ஓஓஓய்ய்… ஹாய்ய்!" என்று ஒரு சத்தம் கொடுத்தாள். எதிர்வீட்டில் குக்கரை இறக்கினார்கள். தெருக்கோடி வரை கதவு திறந்தது. விளக்கு வெளிச்சத்தில் அவள் கன்னத்து ஈரம் பளபளத்தது. "இப்டி கத்துயா. அவன நெனச்சிக் கத்தாத. அவன வலைல புடிச்சி அடிக்கப் போறானே ஒருத்தன், அந்த ஆள நெனச்சிக் கத்து."

மறுநாள் உள்ளே போனேன். அவன் நீந்தி வந்தான். நான் அந்த ஆளை நினைத்துக்கொண்டேன். கையில் உருட்டுக்கட்டை, காலடியில் வலை, வலைக்குள் இவன். தகரத்தை அடித்து அடிவயிற்றிலிருந்து அந்தச் சத்தத்தைக் கொடுத்தேன்.

அவன் வாயிலிருந்த மீன் நழுவியது. ஒரு கணம் என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு முங்கினான். சம்புப் புதருக்குள் தண்ணீர் நடுங்கியது மட்டும் தெரிந்தது. வெளியே வந்து தண்ணீர் டிரம்மின் பின்னால் போய் உட்கார்ந்தேன். அரிகிருஷ்ணன் வந்து பார்த்து, "இன்னாப்பா, மூஞ்செல்லாம் ஈரம்?" என்றார். ஹோஸ் பைப் லீக்கு என்றேன். "அத்த நீ இன்னும் தொறக்கவே இல்லியே" என்றார் அந்த மனுஷன். காவல் வேலைக்காரருக்கு இவ்வளவு கவனிப்பு ஆகாது.

அப்படித் தினமும் போனேன். தினமும் என்னைக் கொஞ்சம் கொஞ்சமாக அவன் வெறுக்கும்படி செய்தேன். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் இன்னாசி, "இன்னா மச்சான், ரைவல ஜெயிச்சிட்டியா?" என்று கேட்டான். ஜெயித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

கடைசியில் டெஸ்ட். இந்தத் தடவை கத்தக் கூடாது. முதல் நாள் போலவே அன்பாகக் கூப்பிட வேண்டும் என்றார் டாக்டர். விரால் மீனைப் பிடித்துக்கொண்டு கரையில் குந்தினேன். "டேய், வாடா. உங்கிட்ட பேசணும்டா. உங்கிட்ட சொல்றதுக்கு எவ்ளோ இருக்குது தெரியுமா?" நடிக்கவில்லை. நிஜமாகவே இருந்தது.

தண்ணீருக்கு மேல் தலை எழுந்தது. மூக்கு என் பக்கம் திரும்பியது. வந்துவிடாதே, வந்துவிடாதே என்று மனசு அடித்துக்கொண்டது. வந்தால் என்ன என்று அதே மனசின் இன்னொரு ஓரம் கேட்டது. அவன் முங்கினான். குமிழிகள் வரிசையாக என்னைவிட்டு விலகி எதிர்க்கரைக்குப் போயின.

திரையில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கைதட்டியது வெளிச்சுவர்வரை கேட்டது.

தென்பெண்ணையில், ஆள் நடமாட்டமில்லாத நாணல் திட்டு ஒன்றின் அருகே அவனை விட்டோம். பிரேமா அங்கியோடு போய்க் கூண்டின் கதவைத் தூக்கிவிட்டு ஒதுங்கி, எங்களோடு வந்து புதர் மறைவில் குந்திக்கொண்டாள். அவன் வெளியே வந்தான். மணலை மோந்தான். தண்ணீரில் இறங்கினான். நீளமாக, கூண்டுக் குளத்தில் ஒருநாளும் முடியாத அளவு நீளமாக ஒரு முங்கு முங்கி, நடு ஆற்றில் எழுந்தான்.

பிரேமா முகத்திரையை விலக்கினாள். குரலே இல்லாமல் கிசுகிசுத்தாள்.

"எனக்கு எரியுதுயா."

"இன்னாத்துக்கு?"

"ஒரு வருசம் வளத்தேன். என் மூஞ்சி எப்டி இருக்கும்னுகூட அவனுக்குத் தெரியாது. என் கொரல் தெரியாது. அவனுக்குத் தெரிஞ்ச ஒரே மனுச கொரல் உன்னுது. ஆயுசுக்கும் மறக்க மாட்டான். நீ ஒரே நாள்ல போயி தட்டிக்கினு வந்துட்ட."

வாழ்க்கையில் முதல் தடவையாக என்னைப் பார்த்து ஒருத்தர் பொறாமைப்படுகிறார். அதை அனுபவிக்கக்கூட எனக்கு வக்கில்லை. அவள் தோளில் கை வைத்தேன்.

நடு ஆற்றில் இருந்த தலை நின்றது. இந்தப் பக்கம் திரும்பியது. காற்று எங்கள் பக்கமிருந்து பிரேமாவின் வாசனையை அவனுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. மெதுவாக, அவன் பிரேமாவை நோக்கி நீந்தத் தொடங்கினான்.

பிரேமா என் கையை நகம் பதியப் பிடித்தாள். அவள் கண் அவன்மேலேயே இருந்தது.

"கத்துயா" என்றாள். "வர்றான். கத்து."

நான் எழுந்து நின்று கத்தினேன்.